துடைத்த பாத்திரம்

சாக்லேட் செய்கிறவர்களுக்குத் தண்ணீர்தான் பரம எதிரி. உருக்கி வைத்ததில் ஒரு சொட்டு விழுந்தால் போதும், மண் மாதிரி திரிந்துவிடும். அதனால் ஒரு ஈடு முடிந்து அடுத்த ஈடு தொடங்கும்போது அத்தை பாத்திரத்தைக் கழுவ மாட்டாள், துணியால் துடைப்பாள். வேர்க்கடலை போடாததை முதலில் செய்வாள், போட்டதைப் பிறகு. காரணம், சுண்டெலி என்று அவள் செல்லமாகக் கூப்பிடும் அண்ணன் மகள். மூன்று வயதில் ஒரே ஒரு வேர்க்கடலையைத் தின்றுவிட்டு, தொண்டை வீங்கி, மூச்சுக்குத் தவித்து, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்த குழந்தை.

புதன்கிழமை மத்தியானம் ரப்பர் கரண்டியைக் கழுவும்போது அதன் தலை கழன்று கையோடு வந்தது. உள்ளே ஒட்டியிருந்தது கடலைத் துணுக்கு.

அத்தைக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. கடலை சாக்லேட் கேட்டிருந்த பக்கத்து வீட்டு டெய்லரம்மா பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தியதால், அன்று அதைத்தான் முதலில் செய்தாள். அப்புறம் பாத்திரத்தையும் இதே கரண்டியையும் துடைத்துவிட்டு, சுண்டெலிக்குச் செய்தாள். திங்கட்கிழமை பார்சலும் அனுப்பியாயிற்று.

"நல்லா துடைச்சேல்ல, விடு," என்றார் அவள் புருஷன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

"பேயா இருந்தா பரவாயில்லைங்க. இது கடலை."

அண்ணன் கிரேன் ஓட்டுகிறவர். வேலை முடியும்வரை அவர் போன் கம்பெனிப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். அண்ணிக்கு அடித்தாள், எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். மணி மூன்றரை, பள்ளிக்கூடம் விட்டிருக்கும். அந்தச் சின்ன உதடு வீங்குவது கண்முன் வந்து நின்றது. மூன்றாவது தடவை அடித்தபோது சுண்டெலியே எடுத்தாள்.

"அத்தை, உங்க பார்சல் வந்துருச்சு."

"சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல. எல்லாம் உருகி ஒட்டிக்கிச்சுன்னு அம்மா ஃபிரிட்ஜ்ல வெச்சிருந்தாங்க. அம்மா குளிக்கிறாங்க. இப்பதான் ஒரு துண்டு உடைச்சேன், கையில இருக்கு."

"கீழ போட்டுடு. கைய வாயில வைக்காத. போய் சோப்பு போட்டுக் கழுவு."

"ஏன் அத்தை?"

"அதுல கடலை பட்டிருக்கும்டா. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்."

குழாய்ச் சத்தம் கேட்டது. அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

சுண்டெலி திரும்பி வந்தாள். "கடையில வாங்கினா பின்னாடி எழுதியிருக்கறத நானே படிச்சுப் பாப்பேன் அத்தை. ஃப்ரெண்டு வீட்டுலகூட கேட்டுட்டுத்தான் சாப்பிடுவேன். இதுக்கு மட்டும் கேக்க வேண்டாம், அத்தை செஞ்சதுன்னு அம்மா சொன்னாங்க."

அத்தை சொன்னாள்: "இனிமே என்னையும் கேளு."

சுண்டெலி குரலை இறக்கிக் கேட்டாள்: "அப்ப யார் குடுத்தா கேக்காம சாப்பிடலாம்?"

அதற்குள் அண்ணி வந்து போனை வாங்கினாள்; அத்தை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.