வளைவில் நட்ட பலகை

"தலையைப் பிடி! தலை தொங்குதுடா!"

அக்கா போட்ட சத்தத்தில் நான்கு படகோட்டிகளும் ஒரு கணம் நின்றுவிட்டார்கள். ஆற்றிலிருந்து பலகையில் கிடத்தித் தூக்கி வந்த தம்பியைக் கட்டிலுக்கு மாற்றினார்கள். கரையிலேயே டாக்டர் கைவிரித்துவிட்டார். தெருவே தையற்கார அக்கா என்று கூப்பிடும் அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

"நீச்சல் தெரிஞ்சா போதுமா? அறிவு வேணாமா?" என்று அவன் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

சுற்றுலா வந்த எவனோ ஆற்று வளைவில் இறங்கிக் குழியில் மாட்டிக்கொண்டான். கம்பெனிப் படகு ஓட்டும் தம்பி குதித்து அவனைப் படகில் ஏற்றிவிட்டான். தான் ஏறவில்லை. அந்த ஆள் இந்நேரம் விடுதி அறையில் தலை துவட்டிக்கொண்டிருப்பான்.

அந்தக் குழியை ஆறா தோண்டியது? போன கோடையில் படகுக் கம்பெனி முதலாளி தோண்டியது. வளைவில் இருந்த மணல்திட்டை இயந்திரம் வைத்து அள்ளி, தன் விடுதிக்கு முன்னால் கொட்டி, குடை நட்டு, 'பீச்' என்று பெயரும் வைத்தார். திட்டில் முட்டையிட வரும் ஆலாப் பறவைகள் வெறும் தண்ணீருக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்திவிட்டுப் போயின. "ஆத்தோட வயித்தக் கிழிச்சு எடுத்துட்டாங்கக்கா" என்று தம்பி அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டான். மேலிருந்து பார்த்தால் கணுக்கால் அளவுத் தண்ணீர்போலத்தான் தெரியும். ஓரடி தள்ளி வைத்தால் ஆள் காணாமல் போவான்.

அதனால்தான் அங்கே ஒரு எச்சரிக்கைப் பலகை நட்டான். பலகை அவனுடையது, எழுத்து அவளுடையது. அவன் எழுதினால் கோழி கிளறினது போல இருக்கும். "'ழ'வுக்கு எதுக்குக்கா இவ்ளோ நீள வாலு? மீன் கடிச்சு இழுக்கவா?" என்று பக்கத்தில் நின்று சிரித்தான். மழைக்காலம் முடிந்தபோது பலகையைக் காணோம். வெள்ளத்தில் போய்விட்டது, வேறு வைக்கலாம் என்றார் முதலாளி. வைக்கவே இல்லை.

தம்பி மனைவி தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு துண்டால் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

படகோட்டிகளில் ஒருவனான ஒல்லி, அக்காவின் அருகில் வந்தான்.

"சொல்லாம இருக்க முடியலக்கா. அண்ணன்தான் ஆபத்துன்னு சொல்லாம அந்த ஆள வளைவுல எறக்கி விட்டார்னு முதலாளி சொல்லிட்டிருக்கார்."

"யாரு, என் தம்பியா?"

"பேப்பர்காரங்ககிட்டயும் அதையேதான் சொன்னார்."

உயிரும் போய், பழியும் அவன் தலையிலா? நாளை அச்சில் வந்துவிட்டால் அதை எந்தத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது?

ஒல்லி குனிந்து, தம்பியைக் கிடத்தி வந்த பலகையைத் தூக்கினான். "இத உடனே திருப்பிக் கொண்டுவரச் சொன்னாங்க."

பலகையின் அடிப்பக்கம் இப்போது மேலே வந்தது. அப்பியிருந்த சேற்றுக்கு நடுவே நீல எழுத்துகள். அவற்றில், பாதி வால் வெளியே தெரியும் ஒரு 'ழ'.

"கீழ வை அத."

"அக்கா..."

"எங்கேர்ந்துடா எடுத்தீங்க?"

"கம்பெனி கிடங்குல. அவசரத்துல கைக்குக் கெடச்சத எடுத்தோம். பின்பக்கம் பாக்கலக்கா."

"கிடங்குக்கு எப்படிப் போச்சு? வெள்ளம் வந்து கதவத் தட்டிக் குடுத்துட்டுப் போச்சா?"

ஒல்லி தரையைப் பார்த்தான். "பலகையப் பாத்தா ஜனங்க பயப்படுறாங்க, வியாபாரம் படுத்துரும்னு... அவருதான் பிடுங்கச் சொன்னார்."

அக்கா யாரையும் கூப்பிடவில்லை. பலகையைத் தானே வாசலுக்கு இழுத்துப் போனாள். எழுத்து தெருவைப் பார்க்க வாசற்படிக்குக் குறுக்கே நிறுத்தி, பின்னால் தையல் மெஷினை முட்டுக் கொடுத்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் பலகையைப் படித்துவிட்டு, பக்கவாட்டில் ஒடுங்கி உள்ளே வந்தார்கள்.

மாலையில் கார் வந்து நின்றது. முதலாளி மலர்வளையத்தோடு இறங்கினார். சட்டைக்குப் போலவே துக்கத்துக்கும் இஸ்திரி போட்டிருந்தார்.

"எல்லாம் விதிம்மா. ஆத்துக்கு முன்னாடி நாமெல்லாம் யாரு..." என்று ஆரம்பித்தவர் பலகையைப் பார்த்தார்.

"படிங்க" என்றாள் அக்கா. "பேப்பர்காரங்ககிட்ட பேசுனீங்களே, அதே கொரல்ல படிங்க."

எதிர்வீட்டு லாரி டிரைவர்தான் தெருவுக்கே கேட்கும்படி படித்தார். "ஆழமான குழி. இதற்கு மேல் வராதீர்கள்."

"டேய், அதத் தூக்கி வண்டில போடு" என்றார் முதலாளி, ஒல்லியிடம். ஒல்லி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவர் இரண்டாம் முறையும் சொன்னார். அவன் அசையவில்லை. உள்ளே வாங்க என்று ஒருவரும் சொல்லவில்லை. மலர்வளையத்திலிருந்து தண்ணீர் அவருடைய ஷூவில் சொட்டியது.

தம்பி மனைவி கட்டிலருகிலிருந்து எழுந்து வெளியே வந்தாள். கையில் அவன் முகத்தைத் துடைத்த ஈரத்துண்டு இருந்தது. அங்கே ஒருவர் நிற்பதையே பார்க்காதவளாகப் பலகையின் முன் உட்கார்ந்து, 'ழ'வின் வாலில் ஒட்டியிருந்த சேற்றை நுனிவரைக்கும் மெதுவாகத் துடைத்தாள்.