அச்சில் விழாத முகம்

ரொட்டிக்கடைக்காரி தன் தலையைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப்போல அணைத்துப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"எங்க வைக்கட்டும் அக்கா?"

"எங்க இடம் இருக்கோ அங்க வைங்க" என்றாள் பல்லுக்காரர் மனைவி. அவர் தலைமாட்டைத் தவிர, என்று சேர்த்துச் சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை. சாவு வீட்டில் அதெல்லாம் சொல்ல முடியுமா.

முன்னறைக் கட்டிலில் பல்லுக்காரர் கழுத்துவரை போர்த்திக் கிடந்தார். முந்தின நாள் காலை பட்டறை மேஜையில் யாருக்கோ பல் செட் ராவிக்கொண்டிருந்தவர், அசதியில் சாய்கிறவர்போல மேஜைமேல் சாய்ந்தார். அவ்வளவுதான். பாதியில் நின்ற பல் செட் ஓய்வுபெற்ற வாத்தியாருடையது. அவர் காலையிலேயே வந்து பொக்கை வாயோடு அழுதுவிட்டுப் போனார். துக்கம் பாதி, பல் பாதி.

கட்டிலைச் சுற்றி மேஜை, ஸ்டூல், ஜன்னல் விளிம்பு என்று எங்கு பார்த்தாலும் தலைகள். சுட்ட மண் தலைகள். பகலெல்லாம் பல் டாக்டர்கள் கேட்கிற செட்டுகளைக் கட்டிக்கொடுத்த மனிதர், சாயங்காலமானால் தெருவில் யாரையாவது பிடித்து உட்காரவைத்து மண்ணில் அவர்கள் தலையைச் செய்வார். செங்கல் சூளையில் கொடுத்துச் சுட்டு வாங்கி, யார் தலையோ அவர்களிடமே கொடுத்துவிடுவார். "அண்ணன் செஞ்சதெல்லாம் இன்னிக்கு ஒரு நாள் அண்ணன்கூட இருக்கட்டும் அண்ணி" என்று சொல்லி, நாத்தனார் தெருவுக்கெல்லாம் ஆள் அனுப்பியிருந்தாள். பல்லுக்காரர் மனைவியும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டாள்.

"தெருவே வந்துடுச்சு அண்ணி" என்றாள் நாத்தனார்.

"ஆமா. கழுத்துக்குக் கீழ ஒண்ணுமில்லாம."

குழாய்க்காரர் தன் தலைக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். "எனக்குக் கோவம் வர்றது என் மூக்குலதான் தெரியும்னு இதைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார். "என் பொண்டாட்டி என்கிட்ட சண்டை போடறதை விட்டுட்டு இப்பல்லாம் இதுகிட்டத்தான் போடறா. இது எதிர்த்துப் பேசாதாம்."

யாரோ சிரித்து, சிரித்ததற்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

ரொட்டிக்கடைக்காரி துண்டை அவிழ்த்தாள். அறையில் பேச்சு நின்றது. எப்போதும் அந்தத் தலைக்கு அப்படித்தான். மற்றதெல்லாம் நன்றாக இருக்கும். அது வேறு. கடையில் அடுத்த ஆளைப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன் ஒரு கணம் அவள் முகம் எப்படி இருக்குமோ, அப்படி. ஒரு இமை சற்றே தாழ்ந்து, மோவாய் சிரிக்கலாமா என்று யோசிக்க. மண்ணில் அது எங்கே இருக்கிறது என்று தேடினால் அகப்படாது. ஆனால் இருக்கும்.

பல்லுக்காரர் மனைவி ஜன்னல் திரையைச் சரிசெய்தாள். சரியாக இருந்த திரையைத்தான் சரிசெய்தாள்.

ரொட்டிக்கடைக்காரிக்கும் அவருக்கும் ஒன்றுமில்லை. அது தெருவுக்குத் தெரியும், இவளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஏதாவது இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம், பாத்திரத்தை உடைத்திருக்கலாம், நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்டிருக்கலாம். 'என் புருஷன் இவளை நல்லாப் பாத்து மண்ணுல செஞ்சுட்டார்' என்று யாரிடம் போய்ப் பிராது கொடுப்பது? ஒரு மழைக்காலம் முழுக்கக் கடை மூடியபின் போய் உட்கார்ந்தார். ஒரு நாள் குடை கொடுக்கிற சாக்கில் இவளும் போனாள். மாவு மூட்டைமேல் அவள் உட்கார்ந்திருக்க, அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியொரு பார்வை அவரிடம் உண்டு என்பதே இவளுக்கு அன்றுதான் தெரியும். குடையைக் கதவருகில் சாத்திவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

அன்று சாப்பிடும்போது கேட்டாள். "என்னை எப்ப செய்யப் போறீங்க?"

"செய்யலாம்."

"செய்யலாம்னா?"

"முயற்சி பண்ணாமலா இருந்தேன்? மண்ணை எடுத்து வச்சா உன் முகம் வர மாட்டேங்குது. கை நின்னுடுது."

"ரொட்டிக்கடைக்காரி முகம் மட்டும் வருதாக்கும்."

"அவங்க யாரோ. யாரோன்னா உக்காந்து பாக்கணும். உன்னை எங்க பாக்கறேன்? மூக்குக்கண்ணாடி போட்டவன் கண்ணாடியையா பாக்கறான், அது வழியாத்தானே எல்லாத்தையும் பாக்கறான்."

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். அவள் தட்டை ணங்கென்று வைத்துவிட்டு எழுந்தாள். அதன்பின் கேட்டதில்லை. தெருவில் புதிதாக யாராவது குடிவந்து அவர்கள் தலை சூளைக்குப் போகும்போதெல்லாம், ஏதோ ஒரு காரணம் சொல்லி ரெண்டு நாள் பேசாமல் இருப்பாள். அவரும் காரணத்தை நம்பிவிடுவார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரிஞ்சதே இல்லை" என்றாள் நாத்தனார், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "பல் செட்டுன்னா கடிச்சுத் திங்கவாவது ஆகும். இதை எதுக்குச் செஞ்சார்? இல்லாட்டி யாருக்கு என்ன குறைஞ்சிருக்கும்?"

"எனக்குக் குறைஞ்சிருக்கும்" என்றாள் ரொட்டிக்கடைக்காரி. தன் தலையின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். "நாளெல்லாம் கல்லாவுக்கு அந்தப் பக்கம் நிக்கறேன். வர்றவங்க ரொட்டியைப் பாப்பாங்க, சில்லறையைப் பாப்பாங்க. நடுவுல ஒரு கை வந்துட்டுப் போகும், அதுதான் நான். இதைக் கொண்டுவந்து கடையில வச்சதும் ஜனங்க இதைப் பாக்கறாங்க, அப்புறம் என்னைப் பாக்கறாங்க, திரும்ப இதைப் பாக்கறாங்க. 'நீங்களா'ங்கறாங்க. நானும் கொஞ்சம் நிமிந்து நிக்கறேன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்லத் தெரியலை."

அறையில் இருந்தவர்கள் தத்தம் தலைகளைப் பார்த்துக்கொண்டார்கள். பல்லுக்காரர் மனைவிக்குப் பார்க்க ஒன்றுமில்லை. அவள் கட்டிலைப் பார்த்தாள்.

"எல்லார் தலையும் இருக்கு" என்றார் குழாய்க்காரர். "அவர் தலைதான் இல்லை."

"தன் தலையைத் தானே எப்படிச் செய்வார்" என்றாள் நாத்தனார்.

"அக்கா" என்றாள் ரொட்டிக்கடைக்காரி, தயங்கி. "தப்பா நினைக்காதீங்க. உள்ள மண்ணு இருந்தா குடுங்க. எனக்கு அவர் மாதிரி வராது. ஆனா மாவு பிசைஞ்ச கைதானே. அவரைக் கொண்டுபோற வண்டி மதியத்துக்கு மேலதான் வருதுங்கறாங்க. அவர் முகத்தை நான் ஒரு தடவை..."

"வேண்டாம்" என்றாள் பல்லுக்காரர் மனைவி.

சொன்ன வேகத்தில் நாத்தனாரே திரும்பிப் பார்த்தாள்.

"யாரும் செய்ய வேண்டாம். நான் அச்சு எடுக்கறேன். எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க."

பல் அச்சு எடுக்கிற மாவைக் குழைப்பது இந்த வீட்டில் எப்போதும் அவள் வேலை. தண்ணீர் குளிர்ந்திருந்தால் மெதுவாக இறுகும், வெதுவெதுப்பாக இருந்தால் கையிலேயே கட்டிப்போகும். டின்னில் இருந்ததை மொத்தமாகக் கொட்டினாள். அவர் புருவத்திலும் மீசையிலும் வாஸ்லின் தடவினாள். குளிர்ந்துபோன நெற்றியில் முதல் கை மாவை வைத்தபோது, தான் இந்த முகத்தை இத்தனை சாவகாசமாகத் தொட்டதே இல்லை என்று தோன்றியது. தொட்டாள். கன்னம், மூக்கு, மூடிய வாய். மேலே துணியைப் பிளாஸ்டரில் நனைத்துப் போர்த்தினாள்.

நாத்தனார் கதவிடுக்கில் நின்றாள். "அண்ணி, இதெல்லாம் தேவையா இப்ப?"

"மண்ணுன்னா கண்ணளவு. தப்பலாம். அச்சு தப்பாது. டாக்டருங்க எதை நம்பி வாயில பல்லை வைக்கறாங்க? அச்சைத்தான்." துணியின் ஓரத்தை அமுக்கிவிட்டாள். "இந்தத் தெருவுல எல்லார் தலையும் கண்ணளவுதான். இவர் முகம் மட்டும் அச்சு அசலா இருக்கும். என் வீட்ல இருக்கும்."

அச்சை எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் போய், பிளாஸ்டர் கரைத்து ஊற்றி, அது சூடாகி ஆறும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு மாவை உரித்தாள். முன்னறையிலிருந்து எல்லாரும் வந்துவிட்டார்கள். அழைக்காமலேயே வந்தார்கள்.

மேஜைமேல் ஒரு வெள்ளை முகம் கிடந்தது.

எதுவும் தப்பவில்லை. மூக்கின் மேட்டில் கண்ணாடி பதிந்த பள்ளம் இருந்தது. நெற்றி வரி, அம்மைத் தழும்பு, ஒவ்வொரு மீசை முடியும் இருந்தது. அவர் மட்டும் இல்லை.

"அவர்தான்" என்றார் குழாய்க்காரர், மரியாதைக்கு.

"இது யாரு அண்ணி?" என்றாள் நாத்தனார். கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்க பெரியப்பா மாதிரி இருக்கு. அண்ணன் வாய் இப்படியா இருக்கும்?"

"பின்ன எப்படி இருக்கும்?" என்று சீறினாள் அவள். சீறிவிட்டு, எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். கண்ணை மூடிப் பார்த்தாள். இருமும்போது, தூங்கும்போது, டாக்டர் காசு தராதபோது. வாய் வரவில்லை. கூடவே வாழ்ந்த மனுஷன் வாய். மெழுகில் நழுவும் விரல்போல அது நழுவி நழுவிப் போயிற்று.

"வலது ஓரம் தூக்கியிருக்கும்" என்றாள் ரொட்டிக்கடைக்காரி மெதுவாக. "உதடு லேசாத் திறந்து நாக்கு நுனி தெரியும். எழுதிப் பழகற குழந்தைக்குத் தெரியுமே, அந்த மாதிரி. மண்ணைக் கிள்ளி வைக்கறப்பல்லாம்."

"ஆமா ஆமா" என்றார் குழாய்க்காரர். "எனக்கும் தெரியும். நான்கூட அதைப் பாத்துச் சிரிச்சு..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் பல்லுக்காரர் மனைவி. அவரிடம் கேட்கவில்லை. ரொட்டிக்கடைக்காரியிடம் கேட்டாள்.

"அவர் என்னையே பாத்துக்கிட்டிருக்கறப்ப நான் வேற எங்க அக்கா பாக்கறது? அவரைத்தானே பாக்கணும்."

பல்லுக்காரர் மனைவிக்கு இது தோன்றியதே இல்லை. தெருவே அவர் எதிரில் உட்கார்ந்து அவரைப் பார்த்திருக்கிறது. ஒவ்வொருவரும் ஒரு தலையை வாங்கிக்கொண்டு அந்த வாயையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அதே பழைய நெருப்புத்தான். இன்று அதற்குப் புது விறகு. இவர்களையெல்லாம் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு அந்த வெள்ளை முகத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அது அவள் எடுத்த அச்சு. பொய் சொல்லாதது. யாரென்று தெரியாதது.

ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தாள். ஈறு கட்டுகிற ரோஸ் மெழுகில் ஒரு துண்டு வெட்டினாள். கத்தி நுனியைத் தீயில் காட்டினாள்.

"இங்க வந்து உக்காரு" என்றாள்.

ரொட்டிக்கடைக்காரி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"சொல்லு."

"இன்னும் மேல. இல்ல, அவ்வளவு வேண்டாம். அது சிரிக்கற மாதிரி ஆகுது. அவர் சிரிக்க மாட்டார்."

"சிரிப்பார். உன்கிட்ட சிரிச்சிருக்க மாட்டார்."

"சரி அக்கா. செய்யறப்ப சிரிக்க மாட்டார்."

அவள் வழித்துவிட்டு மறுபடி வைத்தாள். உதடுகளுக்கு நடுவே கத்தியால் கீறி, கீறியதை விரலால் அமுக்கினாள். வைக்கும்போதெல்லாம் எதிரில் இருப்பவள் முகத்தைப் பார்த்தாள். வேறு எங்கே பார்ப்பது? அந்த இமை நிஜத்திலும் தாழ்ந்துதான் இருந்தது. அழுததில் வீங்கி இன்னும் தாழ்ந்திருந்தது. எத்தனை காலம் இவளிடம் ரொட்டி வாங்கியிருப்பாள். பார்த்ததில்லை.

"இப்ப?"

 நாத்தனார்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா" என்றாள். முன்னறையில் கிடந்தவரைப் பார்த்து அவள் காலையிலிருந்து அப்படிக் கூப்பிடவில்லை.

வெள்ளை முகத்தில் ரோஸ் நிற வாயோரம். பார்க்கக் கோரமாகத்தான் இருந்தது. ஆனால் வந்துவிட்டார்.

ரொட்டிக்கடைக்காரி அதை இரண்டு கையாலும் தூக்கி நிறுத்தினாள். அது நிற்காமல் சாய்ந்தது. திருப்பிப் பார்த்தாள். பின்னால் வெறும் பள்ளம். "தலை இல்லையே அக்கா" என்றாள். "முகம் மட்டும் இருக்கு. பின்னால எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியலையே. நாங்க யாரும் அந்தப் பக்கம் பாத்ததில்லை."

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. குழாய்க்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "வந்துட்டாங்க" என்றார்.

பல்லுக்காரர் மனைவி மேஜைக்கடியில் குனிந்து ஈரச் சாக்கை விலக்கி, ஒரு கை மண்ணை அள்ளினாள். பகலெல்லாம் அவர் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்து பல் கட்டுவார். அவள் அவருக்குப் பின்னால் நின்று மாவு குழைப்பாள். நாளெல்லாம், வருஷமெல்லாம்.

"அண்ணி, வண்டி."

"கொஞ்சம் நிக்கச் சொல்லு."

மண்ணை முகத்தின் பின்னால் அப்பினாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. மடங்கிய இடது காதுக்குப் பின்னால் ஒரு மேடு. உச்சியில் ரெட்டைச் சுழி. பிடரியில் சட்டைக் காலர் உராய்ந்து உராய்ந்து காய்த்த இடம். அதற்கு மேலே, மயிர் முடிந்து கழுத்து தொடங்குகிற குழியில், கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். அவ்வளவு போதவில்லை. விரலை நனைத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.