மகதலேனா மரியாளின் மச்சம்

ஈரத்தாளைச் செம்புத்தகட்டிலிருந்து உரித்ததும் லீன்ஹார்டு அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சிலுவைப்பாடு அருமையாகத்தான் விழுந்திருந்தது. இருண்ட வானம், சூதாடும் சிப்பாய்கள், சிலுவையடியைக் கட்டிக்கொண்டு கதறும் மகதலேனா மரியாள். அந்த மரியாளின் முகத்தில்தான் கோளாறு.

அது ஒட்டிலியாவின் முகம். இதே நியூரம்பெர்க் தெருவில் வளர்ந்தவள், கட்டினால் லீன்ஹார்டைத்தான் கட்டுவேன் என்று நின்றவள். அதற்காகவே அவள் அப்பன் அவளைக் கூட்டிக்கொண்டு தொலைவிலுள்ள லூபெக் நகருக்குக் குடிபெயர்ந்தார். கடிதம் போட்டால் அடுப்பில் போட்டுவிடுவார் அந்த மனிதர். சிலுவைப் படத்தை எந்தக் கிறிஸ்தவன் அடுப்பில் போடுவான்? தவக்காலந்தோறும் நியூரம்பெர்க் வண்டிக்காரனிடம் புதுப்படம் வாங்கிச் சுவரில் ஒட்டுவது அவர் வழக்கம். அதில் தன் முகத்தைக் கண்டால் போதும், இவன் இன்னும் காத்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்துவிடும். பாவி, அந்த ஒரே நம்பிக்கையில் குளிர்காலம் முழுக்கச் செம்பின்மேல் குனிந்து கிடந்தான்.

செம்பில் வெட்டுவது தாளில் இடம் வலம் மாறி விழும். அதனால் எதையும் மாற்றி வெட்டுவதுதான் அவன் தொழில். சிப்பாய்களை மாற்றி வெட்டினான், கள்வர்களை மாற்றி வெட்டினான். ஒட்டிலியாவை மட்டும் மனசில் கண்டபடியே வெட்டித் தொலைத்தான். உதட்டோர மச்சம் இப்போது தாளில் மறுபக்கம் போய்விட்டது.

அண்ணி வால்புர்கா எட்டிப் பார்த்தாள். "அடியாத்தி! நம்ம ஒட்டிலியா!"

"மச்சம் மாறிப்போச்சு அண்ணி. யாரோ எவளோன்னு நினைச்சுக்குவா. சுரண்டிட்டுத் திரும்ப வெட்டணும்."

"நல்லா வெட்டுவீங்க! விடிஞ்சா வண்டி கிளம்புது. இதை விட்டா அடுத்த தவக்காலம்தான். அதுக்குள்ள அப்பன் அவளை எவன் தலையிலயாவது கட்டிடுவான்."

"அவ முகம் எனக்குத் தெரியாதா அண்ணி? இது அவ இல்ல."

"உங்களுக்குத் தெரியும் தம்பி. அவளுக்கு?" வால்புர்கா சுவர்க் கண்ணாடியைக் கழற்றி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அவ தன் முகத்தை இதுல மட்டும்தானே பார்த்திருக்கா? இதுவும் மாத்தித்தானே காட்டும்? அவளுக்குத் தெரிஞ்ச ஒட்டிலியா இந்தத் தாள்ல இருக்கறவதான்யா, மண்டு!"

லீன்ஹார்டு அடுத்த தாளை நனைத்தான். அன்று முழுக்க இருவருமாக அச்சடித்தார்கள்.

மறுநாள் படக்கட்டு வண்டியேறியது. அவன் உள்ளே வந்து செம்புத்தகட்டின் மையைத் துடைத்தான். மச்சம் அதன் சரியான பக்கத்தில் இருக்க, அவள் கண்ணாடியில் ஒருநாளும் காணாத, அவன் நேரில் கண்ட ஒட்டிலியா அங்கே இருந்தாள். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"படத்துல உன்னைப் பார்த்ததும் வந்துடும்மா," என்றான் தகட்டு முகத்திடம்.