சிப்பியில் பதித்த பெயர்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு பில்லியர்ட்ஸ் கிளப்பில் பட்டப்பெயர் 'பெட்டி'. ஞாயிற்றுக்கிழமைதோறும் நீளமான தோல் பெட்டி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். மேசை ஓரத்தில் வைத்துத் திறப்பார். உள்ளே சிவப்பு வெல்வெட்டில் இரண்டு துண்டாகப் படுத்திருக்கும் அவருடைய க்யூ, பந்தடிக்கும் குச்சி. நாலு பேர் எட்டிப் பார்த்து "அடேயப்பா" என்றதும் மூடிவிடுவார். பிறகு சுவரோரத்து ஸ்டாண்டிலிருந்து கிளப்பின் பொதுக் குச்சி ஒன்றை எடுத்து ஆடி, தோற்று, வீடு திரும்புவார்.

அந்த க்யூ கடையில் வாங்கியது இல்லை. ஆர்டர் கொடுத்து, வருஷக்கணக்கில் காத்திருந்து, பேர்போன ஒரு கைவினைஞரிடம் செய்து வாங்கியது. அவர் ஒரு மரத்துண்டைக் கடைந்துவிட்டு மாதக்கணக்கில் தூங்கவிடுவார். வளைய வேண்டியது அப்போதே வளைந்துவிடட்டும் என்பார். கைப்பிடி கருங்காலி, முன்பாகம் மேப்பிள். இரண்டும் சேரும் மரையைத் திருகினால் மயிரிழை நுழையாது. எல்லாம் முடிந்த பிறகு கடைக்காரர் ஒரே ஒரு ஆசை சொன்னார். கைப்பிடியில் தன் பெயரை முத்துச்சிப்பியில் பதிக்க வேண்டும்.

"வேணாம் சார்," என்றார் செய்பவர். "பின்னால விக்கணும்னா கஷ்டம்."

"நான் எதுக்கு விக்கப்போறேன்?"

அப்படிச் சொன்ன மனிதர்தான், வீட்டில் மனைவி விலையைக் கேட்டு வாயைப் பிளந்தபோது, "இது செலவு இல்லம்மா, முதலீடு. வருஷாவருஷம் விலை ஏறும்," என்றார். முதலீட்டில் கீறல் விழக்கூடாது என்பதால் அதை வைத்து ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை.

மனைவியின் தம்பி பழைய கார் வாங்கி விற்பவன். ஷோரூம் வாசலைத் தாண்டிய நிமிஷமே எதுவும் பழசு என்பது அவனுடைய வேதம். வரும்போதெல்லாம் ஒரு குத்து குத்துவான். "மாமா, உங்க குச்சி குட்டி போட்டுச்சா?"

ஒருநாள் அது பொறுக்காமல்தான் கடைக்காரர் க்யூவைப் படம் எடுத்து இணையத்தில் விற்பனைக்குப் போட்டார். விற்கும் எண்ணமே இல்லை. பெரிய விலை ஒன்றைக் காதால் கேட்டு, அதை மச்சினன் காதிலும் போட்டுவிட்டால் போதும்.

விசாரித்தவர்களுக்குக் குறைவில்லை. செய்தவர் பெயரைக் கேட்டதும் குரலில் மரியாதை வந்தது. மரத்தைக் கேட்டதும் ஆசை வந்தது. பிறகு எல்லோரும் ஒரே கேள்விக்கு வந்து சேர்ந்தார்கள்: "கைப்பிடியில என்னமோ எழுதியிருக்கே?"

"என் பேருங்க."

"ஓ."

அந்த 'ஓ'வுக்குப் பிறகு பாதி விலை. ஒருவர் நியாயமாகவே கேட்டார்: "உங்க பேரை நான் எதுக்கு சார் தூக்கிட்டுத் திரியணும்?" சிப்பியைச் சுரண்டி எடுக்கலாமா என்று இன்னொருவர் கேட்டபோது கடைக்காரர் போனை வைத்துவிட்டார். மச்சினன் சிரித்தே செத்தான்.

இந்த நேரத்தில்தான் ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர் கடைக்கு வந்தார். மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு. கிளப்புக்குப் புதுசு.

"குச்சி பாக்கலாமா? பேரைப் பத்திக் கவலை இல்ல. என் பேரும் அதேதான்."

கடைக்காரருக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. அன்று மாலையே இருவரும் கிளப்பில் சந்தித்தார்கள். டிரைவர் இரண்டு துண்டையும் திருகிப் பூட்டினார். மேசைமேல் உருட்டினார், துளி ஆட்டம் இல்லை. பிறகு முனையில் தேய்க்கச் சாக்கட்டியை எடுத்தார்.

"ஐயோ, அடிக்கக்கூடாதுங்க!" என்று கடைக்காரர் குறுக்கே பாய்ந்தார். "புதுசா இருக்கறதாலதான் இந்த விலை."

"அடிச்சுப் பாக்காம வாங்கறதுக்கு இது என்ன சவப்பெட்டியா சார்?"

தொழில் அப்படி, உவமையும் அப்படித்தான் வரும். கடைக்காரர் மறுபடி தடுப்பதற்குள் டிரைவர் குனிந்து அடித்துவிட்டார். மரக்கதவைத் தட்டுவதுபோல் சுத்தமான ஒரு சத்தம். பந்து குழியில் விழுந்தது. வெள்ளைப் பந்து மேசையின் இரண்டு ஓரத்தைத் தொட்டு, கூப்பிட்ட நாய்க்குட்டி மாதிரி அடுத்த பந்துக்குப் பின்னால் வந்து நின்றது.

நீலச் சாக் படிந்த முனையைக் கடைக்காரர் கைக்குட்டையால் துடைக்கப் போனார். ஆனால் அந்தச் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. "குடுங்க," என்று வாங்கி, அவரும் முதன்முறையாகக் குனிந்தார்.

க்யூ அவர் சொன்னதை அப்படியே செய்தது. கோபம் அதில்தான். பொதுக் குச்சியில் தவறினால் 'முனை தேஞ்சுபோச்சு', 'வளைஞ்சிருக்கு' என்று சொல்லிக்கொள்ளலாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. எட்டு தடவை அடித்து எட்டும் தவறிய பிறகு, யாரைக் குறை சொல்வதென்று தெரியாமல் நிமிர்ந்தார்.

டிரைவர் தன்னால் முடிந்த விலையைச் சொன்னார். அது மச்சினனிடம் சொல்லக்கூடிய விலை இல்லை. கடைக்காரர் மறுத்தார். மறுத்துவிட்டு, தனக்கே புரியாமல், "ஆட்டம் இருக்கற அன்னிக்கு வேணா எடுத்துக்குங்க," என்றார்.

மாவட்டப் போட்டியில் டிரைவர் அந்த க்யூவோடு இறங்கினார். கடைக்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்து, தன் பெயர் மேசையின் பச்சைத் துணிக்கு மேலே மின்னி மின்னி மறைவதைப் பார்த்தார். பெட்டியைத் திறந்து மூடிய எந்த ஞாயிறும் அவருக்கு இந்தச் சந்தோஷத்தைத் தந்ததில்லை. டிரைவர் கோப்பையைத் தூக்கினார். மறுநாள் பேப்பரில் படம்: முகத்தைக் கோப்பை பாதி மறைக்க, கையில் க்யூ, சிப்பியில் பெயர், கீழே அச்சில் அதே பெயர்.

தெருவில் மளிகைக்காரரிலிருந்து பால்காரர் வரை பேப்பரைப் பார்த்துவிட்டு, "ஜெயிச்சுட்டீங்க போல!" என்றார்கள். கடைக்காரர் முதலில் மறுத்தார். பிறகு சிரித்து மழுப்பினார். மூன்றாம் நாள் "ஏதோ உங்க ஆசீர்வாதம்" என்றே சொல்லிவிட்டார்.

அந்த வாரக் கடைசியில், பெயரைக் கேட்டதும் 'ஓ' சொன்ன அதே ஆள் போன் செய்தார். மச்சினன் பக்கத்தில் இருந்தான். கடைக்காரர் வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போட்டார்.

"அந்த சாம்பியனோட ஸ்டிக் உங்ககிட்டயா இருக்கு? பேரு பதிச்சதுதானே?"

"பேரு பதிச்சதுதான்."

போனில் அந்த ஆள் சொன்ன விலையைக் கேட்டு மச்சினன் தேநீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டான்.

"ஒண்ணே ஒண்ணு," என்றது போன். "இதுல ஆடித்தான் கோப்பை ஜெயிச்சதுன்னு எழுதி, சாம்பியன் பேர்ல ஒரு கையெழுத்து வேணும். இல்லாட்டி மதிப்பு கிடையாது."

கடைக்காரர் டிரைவரைத் தேடி ஆஸ்பத்திரி வாசலுக்கே போனார். டிரைவர் வண்டியின் பின்கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நீங்களே போடுங்களேன்," என்றார். "குச்சி உங்களோடது. பேரு உங்களோடது. கோப்பை அந்தக் குச்சியில ஜெயிச்சது. இதுல பொய் எங்க இருக்கு?"

கடைக்காரர் தேடிப் பார்த்தார், பொய் எங்கேயும் இல்லை. தன் பெயரைத் தானே எழுதிக் கையெழுத்திட்டு, க்யூவை விற்றுவிட்டார். வந்த தொகையில் பங்கு கொடுக்கப் போனார். டிரைவர் வாங்க மாட்டேன் என்றார். வற்புறுத்தியதும், "கிட்டப் பார்வை மங்குது, படிக்கறதுக்கு ஒரு கண்ணாடி போட்டுக் குடுங்க," என்றார். கடையிலேயே உயர்ந்த ஃப்ரேமில் கண்ணாடி தயாரானது.

மச்சினன் அன்றிலிருந்து குச்சியின் குட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. போதாததற்கு, க்யூவை எந்த மரத்தில் செய்தால் நல்லது என்று ரகசியமாக விசாரிக்கவும் ஆரம்பித்தான். கடைக்காரர் ஆசைப்பட்டதெல்லாம் நடந்துவிட்டது. சாப்பாடுதான் இறங்கவில்லை.

"இப்ப அந்த டிரைவர் எதை வச்சு ஆடறாரு?" என்று மனைவி கேட்டாள்.

"கிளப் குச்சிதான். கைக்குக் கிடைச்சது."

"ஜெயிக்கறாரா?"

"ம். எல்லா ஆட்டமும்."

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் நிமிர்ந்தார்.

"வாங்கினவருகிட்ட இதைச் சொல்லிடாத," என்றவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.