குளிர் நாட்டுக்கு ஒரு வேர்க்குரு பவுடர்

ஆனி பிறந்தும் விருத்தாசலத்தில் வெயில் இறங்கிவரவில்லை. மணிமுத்தாறு வெறும் மணலாகக் கிடக்கிறது. பாலக்கரையில் தர்பூசணி விற்கிறவரே பாதியைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இந்த லட்சணத்தில் கமருன்னிசா கடைவீதியில் ஒவ்வொரு ஜவுளிக்கடையாக ஏறி ஸ்வெட்டர் கேட்டால் கடைக்காரர்கள் என்னதான் நினைப்பார்கள்?

“ஸ்வெட்டருங்களா? ஏம்மா, குளுர் ஜொரம் கிரம் எதாச்சுமா?” என்று ஒருவர் நிஜமான கவலையோடு கேட்டார். இன்னொருவர் மார்கழியில் வரச்சொன்னார். கடைசியில் ஒரு கடையில் பரண் மேல் ஏறி, தூசியைத் தட்டி, பச்சையில் ஒன்றும் காப்பிப்பொடி நிறத்தில் ஒன்றுமாக எடுத்துப்போட்டார்கள். நிறத்தைப் பார்த்தால் ஆகுமா? இரண்டையும் வாங்கிக்கொண்டு ஆட்டோ ஏறினாள்.

எல்லாம் மகன் இஃப்திகார் செய்த வேலை. நார்வேயில் இன்ஜினீயராக இருக்கும் அவன், அத்தாவையும் அம்மாவையும் வரவழைத்து ஜூலையில் சுற்றுலாக் கப்பல் ஒன்றில் வடக்கே கூட்டிப்போக டிக்கெட் போட்டுவிட்டான். இரண்டு பக்கமும் மலை, மலை உச்சியில் பனி, நடுவில் கடல். அங்கே அதுதான் கோடைகாலம். ஆனாலும் கப்பலின் மேல்தட்டில் நின்றால் காற்று பல்லைக் கிட்டவைத்துவிடும், கம்பளி இல்லாமல் வந்துவிடாதீர்கள் என்று சொல்லியிருந்தான்.

தெருவில் செய்தி பரவியதும் ஆளாளுக்கு ஒரு கேள்வி. கப்பலில் ஹஜ்ஜுக்கா? இல்லை. யாவாரத்துக்கா? அதுவும் இல்லை, சும்மா சுற்றிப் பார்க்க. சும்மா சுற்றிப் பார்க்க யாராவது கப்பல் ஏறுவார்களா என்று மோவாயில் கை வைத்துக்கொண்டு போனார்கள்.

கமருன்னிசாவுக்கு மலையும் பனியும்கூடப் பெரிதில்லை. அவள் ஆசை வேறு. கல்யாணமாகி மெஹந்திச் சிவப்பு மங்குவதற்குள் அவள் கணவர் பரக்கத்துல்லா குவைத்துக்கு விமானம் ஏறியவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், வந்த சோர்வு தீர்வதற்குள் புறப்படுவார். மூன்று வருடத்துக்கு முன்புதான் போதுமென்று ஊரோடு வந்து சேர்ந்தார். அத்தனை பயணத்துக்கும் பெட்டி கட்டியவள் கமருன்னிசா. பெட்டி கட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆள் கிடையாது. ஆனால் கட்டிய பெட்டி எதிலும் அவளுடைய சேலை ஒன்றுகூட இருந்ததில்லை. விசாவுக்குச் சென்னை போய்வந்ததைப் பயணம் என்று சொல்ல முடியுமா? வரிசையில் நின்றதுதான் மிச்சம். அவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே எதையாவது காட்டி, “அங்க பாருங்க” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. பெரிய ஆசையா, சொல்லுங்கள்?

அதற்குத்தான் மனுஷர் பிடி கொடுக்கவில்லை. கைரேகை வைக்கும்வரை சரி சரி என்று தலையாட்டியவர், பனி, கம்பளி என்று மகன் போனில் பேசிய நாளிலிருந்து மாறிப்போனார்.

“நான் வரல கமரு. முட்டி வலிக்குது. நீ போயிட்டு வா” என்றார் முதலில்.

முட்டிக்கு உறை வாங்கிவந்து கொடுத்தாள்.

“சூரியனே மறையாதாமே அந்த ஊர்ல? மஃரிபு எப்ப தொழுவுறது, இஷா எப்ப தொழுவுறது? நமக்கெதுக்கு அந்த வம்பு?”

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆளனுப்பிக் கேட்டாள். அதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது, சூரியன் மறைகிற பக்கத்து ஊர் நேரத்தைப் பார்த்துத் தொழுதுகொள்ளலாம், நிம்மதியாகப் போய்வரச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. பரக்கத்துல்லாவுக்கு ஹஜ்ரத் மேலேயே கோபம் வந்துவிட்டது. வாசலில் நாற்காலியை இழுத்துப்போட்டு, சுள்ளென்று அடிக்கிற வெயிலில் போய் உட்கார்ந்துகொண்டார். அது அவருடைய வழக்கம். ஊரே நிழல் தேடி ஓடும்போது அவர் வெயில் தேடுவார். ஃப்ரிட்ஜ் தண்ணீரைத் தொடமாட்டார். ஃபேனைக்கூட இரண்டுக்கு மேல் வைக்க விடமாட்டார். குவைத்து வெயில் பத்தாமல் விருத்தாசலத்து வெயிலையும் குடிக்கிறாரே பாய் என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

இஃப்திகார் அன்று காலை போனில் கறாராகச் சொல்லிவிட்டான். “இன்னிக்குள்ள ஒரு முடிவு சொல்லச் சொல்லும்மா. அத்தா வரலன்னா அவர் டிக்கெட்ட கேன்சல் பண்ணிர்றேன். நீயாச்சும் வா.”

நீயாச்சும் வாவாம்! தனியாகக் கப்பலேறி யாரிடம் “அங்க பாருங்க” என்று சொல்வது? ஆனாலும் அவள் விடவில்லை. பேசிப் பயனில்லை, பெட்டியைக் கட்டிவிட்டால் மனுஷருக்கு மனசு வந்துவிடும் என்று நினைத்தாள். கூடத்தில் இரண்டு பெட்டிகளையும் திறந்துபோட்டாள். அவருடைய பெட்டியைக் கட்ட அவளுக்கு யோசனையே தேவைப்படவில்லை. கை தானாக ஓடியது. தன் பெட்டிதான் அவளை முழிக்கவைத்தது.

பக்கத்து வீட்டுச் சிவசங்கரி உதவிக்கு வந்தாள். பீங்கான் கம்பெனியில் பேக்கிங் பகுதியில் வேலை பார்ப்பவள். கமருன்னிசா மருமகளுக்கென்று வைத்திருந்த எலுமிச்சை ஊறுகாய் ஜாடியை வாங்கி, வாயைக் கட்டி, பேப்பர் சுற்றி, மேலே வைக்கோல் பிரி சுற்றி, “இத எடுத்துப் போட்டு மிதிச்சாலும் ஒடையாதுக்கா” என்று தட்டிக் காட்டினாள். கூடவே, ராணுவத்தில் இருந்த தன் அப்பாவின் பழைய குளிர் கோட்டையும் கொண்டுவந்திருந்தாள். காஷ்மீரைப் பார்த்த கோட்டு. தூக்கினால் ஒரு மூட்டை சிமெண்ட் கனம்.

“போட்டுப் பாருக்கா. அளவு தெரிய வேணாமா?” என்று சொல்லிவிட்டு, அடுப்பில் குழம்பு இருப்பதாக ஓடிவிட்டாள்.

கமருன்னிசா பச்சை ஸ்வெட்டரை மாட்டினாள். அதன் மேல் காப்பிப்பொடி ஸ்வெட்டரை மாட்டினாள். அதன் மேல் பர்தாவா, கோட்டா? பர்தாவைப் போட்டு, அதன் மேல் கோட்டை ஏற்றினாள். காலில் இறுக்கமான சாக்ஸ் இரண்டு, கையில் உறை. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. அவர் வாசலில் இருக்கிற தைரியத்தில் ஐந்தில் வைத்திருந்த ஃபேன் நின்றது. ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. இழுக்கிறாள், ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நெற்றியிலிருந்து வேர்வை கண்ணில் இறங்குகிறது. அம்மாடி, குளிரில் சாவதற்கு முன்னால் வேர்வையிலேயே போய்ச்சேர்ந்துவிடுவோம் போலிருக்கிறதே என்று அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

வாசல் நாற்காலியில் இருந்து பரக்கத்துல்லா இதையெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. விடுவிடுவென்று உள்ளே வந்தார்.

“இப்பிடியா போடுவாங்க? கழட்டு, கழட்டு மொதல்ல.”

ஜிப்பை ஒரே சுண்டில் இறக்கினார். கோட்டையும் பர்தாவையும் ஸ்வெட்டர்களையும் உருவினார். உறையைக் கழற்றினார். அவளை நாற்காலியில் உட்காரவைத்துச் சாக்ஸை உருவி எறிந்தார்.

“சாக்ஸு இறுக்கமா இருந்தா ரத்தம் ஓடாது, வெரலு செத்துப்பூடும். ஒண்ணு போட்டாலும் தொளதொளன்னு போடணும். உள்ள பருத்தித் துணி இருக்கணும், அது மேல கம்பளி. ஒறைய மாட்டிட்டு அதுக்கு மேல கோட்டுக் கைய இழுத்து வுடணும், இல்லன்னா மணிக்கட்டு வழியா குளுரு ஏறும். காத மூடு. மூக்கால மூச்சு வுடு, வாயத் தொறக்காத. ஒரே எடத்துல நிக்காத, காலு வெரல ஆட்டிக்கிட்டே இரு.”

பேசிக்கொண்டே, காப்பிப்பொடி ஸ்வெட்டரை மட்டும் ஒதுக்கிவிட்டு, அவளுக்கு ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். அந்தக் கைகள் கொஞ்சமும் தடுமாறவில்லை. தன் சட்டைக்குப் பொத்தான் போடத் தடவுகிற அதே கைகள். விரல் நுனி மரத்துக் கிடக்கிறது என்று சர்க்கரை நோய்க்கு டெஸ்ட்டெல்லாம் எடுத்தார்கள், சர்க்கரையே இல்லை என்று வந்தது.

கமருன்னிசா அசையாமல் அவரையே பார்த்தாள்.

“இதெல்லாம் ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

அவர் கை நின்றது.

“குவைத்துல ஏசி வேலதான பாத்தீங்க?”

“ஏசி வேலதான்” என்றார் பரக்கத்துல்லா. பெட்டி ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார். “கறியும் மீனும் அடுக்கி வெக்கிற கிடங்கு. உள்ள எல்லாம் பனிக்கட்டி. மொதோ நாளு உள்ள போயிட்டு வந்தப்ப மீசையெல்லாம் வெள்ளையாயிருச்சி. ஒனக்குப் போன் போட்டா, அங்க வெயிலு கொல்லுதாமேன்னு நீ அழுவுற. அதான், எனக்கு ஏசில வேலைன்னேன். பொய்யில்லல்ல?”

ஏசி வேலை! தெருவுக்கே அதை வாய் நிறையச் சொன்னவள் அவள். எங்க வூட்டுக்காரருக்கு ஏசில வேலை, வெயிலே படாது. அதைக் கேட்டு எத்தனை பேர் பெருமூச்சு விட்டார்கள்! அவளோ ஒவ்வொரு தடவையும் என்ன கட்டிக் கொடுத்தாள்? மெல்லிசு பருத்திச் சட்டை, ஓட்டை வைத்த பனியன், ரூமில் புழுங்குமே என்று வேர்க்குரு பவுடர் டப்பா. பனிக்கட்டிக்குள் நிற்கிற மனுஷனுக்கு வேர்க்குரு பவுடர்! ஒரு கம்பளித் துண்டு வைத்தாளா? வைக்கவில்லையே.

“சொல்லியிருக்கக் கூடாதா? அத்தன வருஷமும் பவுடரு வெச்சி அனுப்புனனே, பாவி!” என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.

“ஏய், அழுவாத. அது வீணாப் போவல. ரூம்ல மத்தவங்களுக்கெல்லாம் ரோட்டு வேல. வேர்க்குரு பிச்சிப்புடும். என் பொட்டியத் தொறந்தா மொதல்ல அதத்தான் தேடுவானுவோ. ஒம்பேரச் சொல்லித்தான் பூசிக்குவானுவோ.”

அதைக் கேட்டு அவளுக்கு இன்னும் பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கு முட்டியும் வலிக்கவில்லை, மஃரிபும் தடையில்லை. இளமை முழுக்கக் குளிரில் நின்ற மனுஷனைத் திரும்பவும் குளிருக்குக் கூப்பிட்டிருக்கிறாள், அதுவும் ஒற்றைக்காலில் நின்று கூப்பிட்டிருக்கிறாள். ஆசையாம் ஆசை! கோட்டோடும் உறையோடும் எழுந்தவள், பல்லால் உறையைக் கடித்து உருவிவிட்டுப் போனை எடுத்தாள். இஃப்திகார் உடனே எடுத்தான்.

“தம்பி, ரெண்டு டிக்கெட்டையும் கேன்சல் பண்ணிருப்பா.”

“ஏம்மா? நீயாச்சும் வாயேன்.”

“நானும் வரல, ஒங்கத்தாவும் வரல. லீவுல நீ இங்க வா. எதுக்குன்னு கேக்காத.”

அவன் கேட்காமல் இருப்பானா? கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் பதில் சொல்ல முடியாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

பரக்கத்துல்லா தன் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டார். எல்லாம் தரையில் கிடந்தன. மெல்லிசுப் பருத்திச் சட்டைகள், ஓட்டை பனியன்கள், லுங்கிகள். நார்வேக்குக் கட்டுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் அவள் கை குவைத்துக்குக் கட்டி வைத்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே புத்தம்புது வேர்க்குரு பவுடர் டப்பா ஒன்று உருண்டு கிடந்தது. கமருன்னிசாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. போனைக் காதில் வைத்தபடியே குனிந்து அதை எடுத்து மறைக்கப் பார்த்தாள்.

அவர் அவள் கையிலிருந்து டப்பாவை வாங்கினார். ஒதுக்கிவைத்த காப்பிப்பொடி ஸ்வெட்டரைத் தனக்கென்று எடுத்தார். அதை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தார். பனியன்களை வைத்தார். எல்லாவற்றுக்கும் மேலே, அவள் எப்போதும் வைக்கிற மூலையில், பவுடர் டப்பாவை வைத்து மூடியை அழுத்தினார்.

“அங்க எதுக்குங்க அது?” என்றாள் அவள்.

“ரூம்ல யாராச்சும் கேப்பாங்க” என்றார் பரக்கத்துல்லா. “அந்தக் குளுர்ல நான் தனியா நின்னது போதும் கமரு. இந்தத் தடவ நீயும் கூட நில்லு. போன இப்பிடிக் குடு.”

போனை வாங்கினார். “டேய் தம்பி, கேன்சலெல்லாம் வாணாம். ஒங்கம்மாவுக்கு நல்ல ஒறை ஒரு ஜோடி அங்கியே வாங்கி வையி. இவ வாங்குனது ஒதவாது” என்றார்.

கரண்ட் வந்து ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. கமருன்னிசா கோட்டைக்கூடக் கழற்றாமல், சாக்ஸ் காலோடு போய், ஃபேனை இரண்டுக்குக் குறைத்துவிட்டு வந்து தன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.