யாரும் அமுக்காத பொத்தான்

"எனக்குத் தனி லாகின் வேணுங்க சார்."

சொல்லிவிட்டேன். ஏ.சி. அறை. எதிரே மூன்று பேர். எங்கள் பம்ப்செட் கம்பெனியின் எம்.டி. கண்ணையா. அவருடைய அக்கா மகனும் சிஸ்டம்ஸ் மேனேஜருமான வெங்கடபதி. பெருந்துறையில் இரும்பு வார்க்கும் எங்கள் ஃபவுண்டரியைப் பார்த்துக்கொள்ளும் சுந்தரராஜுலு, எம்.டி.க்குச் சித்தப்பா முறை. மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன். அந்த அறையில் ஆறு நாற்காலிகள் உண்டு.

எம்.டி.யிடம் எதையும் கேட்கக் கூடாது என்று என்னிடம் முதலில் சொன்னவர் என் அப்பா அங்கப்பன். அன்னூர் பக்கத்தில் எம்.டி.யின் தோட்டத்தில் தண்ணீர் கட்டுகிறவர். எங்கள் வகையறாவில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். என் டிகிரி சர்ட்டிபிகேட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு, தோட்டத்து கேட்டில் அரைநாள் நின்று, எம்.டி.யின் கார் வந்ததும் நீட்டி, இந்த வேலையை வாங்கித் தந்தார். "அவிய குடுக்கறத வாங்கிக்க கண்ணு. நீயா வாயத் தொறந்து ஒண்ணும் கேட்டுப்போடாத" என்றார். இரண்டு வருடம் கேட்காமல்தான் இருந்தேன். இரண்டாவதாகச் சொன்னவர் வெங்கடபதி. அவர் சொன்ன அழகு தனி.

வெங்கடபதி தொண்ணூற்றேழில் சிங்கப்பூர் கண்காட்சிக்குப் போய்வந்தார். மற்றவர்கள் சென்ட் பாட்டில் வாங்கி வருவார்கள். அவர் குரூப்வேர் வாங்கி வந்தார். அதாவது, எல்லாரும் சேர்ந்து வேலை செய்வதற்கான மென்பொருள். அவரவர் கம்ப்யூட்டரிலிருந்தே கடிதம் எழுதலாம், ஃபைலைப் பகிரலாம், அனுமதி கேட்கலாம், கொடுக்கலாம். இனிமேல் எழுந்து நடக்க வேண்டாம், கூட்டம் போட வேண்டாம். இதை விளக்குவதற்கு ஆர்.எஸ்.புரம் ஹெட் ஆபீஸில் ஒன்பது கூட்டம் போட்டார்கள்.

அவரவர் கம்ப்யூட்டர் என்றேன். ஹெட் ஆபீஸில் முப்பத்தெட்டுப் பேருக்கு ஐந்து கம்ப்யூட்டர். பெருந்துறையில் ஒன்று. அதுவும் மோடம் மூன்று தடவை கீச்சிட்டு நான்காவது தடவை லைன் கிடைத்தால். எம்.டி. கம்ப்யூட்டரைத் தொட மாட்டார். அவருக்கு வருவதையெல்லாம் ஸ்டெனோ சாஜிதா பேகம் பிரிண்ட் எடுப்பாள். காகிதத்தின் இரண்டு ஓரத்திலும் இருக்கும் ஓட்டைப் பட்டையைக் கிழித்துவிட்டு, நாடா கட்டின ஃபைலில் வைத்து உள்ளே கொண்டுபோவாள். அவர் பச்சை மையில் பதில் எழுதுவார். அதை அவள் மறுபடியும் டைப் அடித்து அனுப்புவாள். பெருந்துறையில் அதை இன்னொருவர் பிரிண்ட் எடுத்து சுந்தரராஜுலுவிடம் கொடுப்பார். காகிதமே இல்லாத ஆபீஸ் என்று போர்டில் எழுதிப் போட்டோம். அந்த வருடம் காகிதம் இரண்டு மடங்கு செலவானது.

லாகினுக்கு வருகிறேன். மொத்த ஆபீஸுக்கும் ஒரே லாகின், வெங்கடபதி பேரில். பயனர் பெயரில் எட்டு எழுத்துக்கு மேல் அந்த மென்பொருள் ஏற்காது. அதனால் அவர் பெயர் ஆங்கிலத்தில் பாதியில் வெட்டுப்பட்டு 'வெங்கடப்' என்று நின்றது. பாஸ்வேர்டு, எம்.டி.யின் அம்மா பெயரான வரலட்சுமி. அதைச் சீட்டில் எழுதி ஐந்து மானிட்டரிலும் ஒட்டியிருந்தார்கள். ஆயுத பூஜையன்று அந்தச் சீட்டுக்கும் சேர்த்துப் பொட்டு வைத்தோம். இவ்வளவு பக்தியோடு பாதுகாக்கப்பட்ட பாஸ்வேர்டு உலகத்திலேயே வேறு எங்கும் இருக்காது.

ஆளுக்கொரு லாகின் கொடுப்பதுதானே முறை என்று ஒருநாள் வெங்கடபதியிடம் கேட்டேன். சிரித்தார்.

"நமக்குள்ள எதுக்குங்க அம்மணி தனித்தனிக் கதவு? எல்லாம் ஒரே குடும்பந்தான. இத மாமாகிட்டப் போயி கேட்டுப்போடாதீங்க. என்னத்த மறைக்கறதுக்குக் கேக்குதுன்னு நெனப்பாரு."

ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்துக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். என் அப்பா எந்த வாசல் வழியாக வந்தார், எந்தப் பந்தியில் உட்கார்ந்தார் என்பதையும் பார்த்தேன். சரி, அதை விடுங்கள்.

அந்தக் குரூப்வேரின் மேல் எங்கள் கம்பெனிக்கென்று ஒரு அனுமதிப் படிவம் வேண்டும் என்றார்கள். நான்தான் எழுதினேன். நான்கு மாதம். கேட்கிறவர் படிவத்தை நிரப்பி அனுப்புவார். பெறுகிறவரின் திரையில் இரண்டு பொத்தான்கள் வரும்: சம்மதம், சம்மதமில்லை. தமிழ் எழுத்துரு சரியாகக் கிடைக்காமல் அந்த இரண்டு சொற்களையும் படமாக வரைந்து ஒட்டினேன். யாராவது அவசரத்தில் 'சம்மதமில்லை'யை அமுக்கிவிடப் போகிறார்களே என்று பயந்து, 'நிச்சயமாகவா?' என்று ஒருமுறை கேட்கும்படியும் செய்தேன். என் அறியாமையை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.

ஆறு மாதம் கழித்துப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். சம்மதம் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு. சம்மதமில்லை, பூஜ்யம்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் முகத்துக்கு நேரே இன்னொருவர் முடியாது என்று சொல்ல மாட்டார். "பாத்துக்கலாங்க" என்பார். அதை எந்த இழுவையில் சொல்கிறார், சொல்லும்போது எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதை வைத்து, கேட்டவர் புரிந்துகொண்டு எழுந்து போய்விடுவார். பேச்சில் அது நன்றாகவே நடக்கிறது. எழுத்தில், அதுவும் பொத்தானில் எப்படி நடக்கும்? பெரிய மனுசன் ஒருத்தர் கேட்டதற்கு 'சம்மதமில்லை' என்று அமுக்குவது மரியாதைக் குறைவு. ஆகவே எல்லாரும் சம்மதத்தை அமுக்கினார்கள். அமுக்கிவிட்டுப் போனில் கூப்பிட்டு, பாத்துக்கலாங்க என்றார்கள். இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டியது எதிரில் இருப்பவர் பாடு. வெங்கடபதி அந்தப் பூஜ்யத்தை வரைபடமாக்கி, நூற்றுக்கு நூறு ஒத்துழைப்பு என்று எம்.டி.யிடம் காட்டினார்.

நான் உட்கார்ந்து ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். இங்கே மறுப்பவர்களும் சம்மதத்தைத்தான் அமுக்குகிறார்கள்; போன் போட மறந்தால் நடக்கக் கூடாத வேலை நடந்துவிடும்; மூன்றாவதாக 'பார்த்துக்கலாங்க' என்றே ஒரு பொத்தான் வைக்கிறேன், அதை அமுக்கினால் வேலை நிற்கும், மரியாதையும் கெடாது. குரூப்வேரிலேயே வெங்கடபதிக்கு அனுப்பினேன். எனக்கென்று லாகின் இல்லையே. எனவே கடிதத்தின் தலையில் இப்படி இருந்தது: அனுப்புநர் வெங்கடப். பெறுநர் வெங்கடப். பதில் வரவில்லை. தனக்குத் தானே எழுதின கடிதத்துக்கு யார் பதில் போடுவார்கள்?

இந்த வருடம் பங்குனியில் சுந்தரராஜுலு பெருந்துறையிலிருந்து ஒரு படிவம் அனுப்பினார். பழைய மாடல் பம்ப்புக்கு நானூறு இரும்பு வெளிக்கூடு வார்க்கட்டுமா என்று கேட்டிருந்தார். அந்த மாடலை வாங்க நாட்டில் ஆளே இல்லை. ஆனால் அவர் சின்ன வயதில் தானே வடிவமைத்த மாடல் அது. எம்.டி. எப்படி முடியாது என்பார்? பிரிண்டின் மேல் பச்சை மையில், 'ஆகட்டும், பாத்துக்கலாம்' என்று எழுதினார். சாஜிதா அதைப் பார்த்தாள். அதில் மறுப்பு என்று எதுவும் இல்லை. ஆபீஸ் வழக்கப்படி சம்மதத்தை அமுக்கினாள். எம்.டி. அன்றைக்கே சென்னிமலைக்குப் போய்விட்டார். போன் போட மறந்துவிட்டார்.

பெருந்துறையில் போய்ச் சேர்ந்தது சம்மதம் மட்டும். அவர்கள் நானூறையும் வார்த்துவிட்டார்கள். வரிசையாக அடுக்கி, புதிய மாடலுக்கு வைக்க இடம் இல்லாமல் செய்துவிட்டார்கள்.

அதற்காகத்தான் இன்று காலை கூப்பிட்டிருந்தார்கள். பதிவேட்டில் சம்மதம் சொன்னவர் பெயர் வெங்கடப் என்று இருந்தது. வெங்கடபதி முகம் வேர்த்திருந்தது, ஏ.சி. அறையில் அவர் வேர்த்து நான் பார்த்தது இன்றுதான். "புரோகிராமுலதான் ஏதோ கோளாறுங்க மாமா" என்றார். புரோகிராம் எழுதினது யார் என்று எம்.டி. கேட்டார். அதற்கு மட்டும் என் பெயர் முழுசாக, எழுத்து வெட்டுப்படாமல் வந்தது: ராசாத்தாள்.

நான் தயாராகத்தான் போயிருந்தேன். கார்த்திகையில் அனுப்பிய என் கடிதத்தின் பிரிண்டை எம்.டி. மேஜையில் வைத்தேன். இப்படி ஆகும் என்று அப்போதே எச்சரித்திருக்கிறேன் என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். தலையில் இருந்த பெயரைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. சித்தப்பா பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா? நம்ம வெங்கடபதி அஞ்சு மாசம் முன்னாலயே எழுதி வெச்சிருக்கறான். பையனுக்கு என்ன தொலைநோக்குங்க."

சுந்தரராஜுலு காகிதத்தை வாங்கிப் பார்த்துத் தலையை ஆட்டினார். வெங்கடபதி தரையைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தரையைத்தான் பார்த்தார்.

அது நான் எழுதினதுங்க என்றேன். இதுல உம்பட பேரு எங்கயுமில்லையே அம்மணி என்றார் எம்.டி., கோபமே இல்லாமல். உண்மைதான். என் நான்கு மாத உழைப்பில் எங்கேயும் என் பெயர் இல்லை. தப்பில் மட்டும் இருந்தது. அப்போதுதான் கேட்டேன், தனி லாகின் வேண்டும் என்று. இனிமேல் நான் செய்வது நல்லதோ கெட்டதோ, என் பெயரில் இருக்கட்டும் என்றேன்.

அவர்கள் தெலுங்குக்கு மாறினார்கள். என்னை வைத்துக்கொண்டு ஏதாவது முடிவு செய்ய வேண்டுமானால் தெலுங்கில்தான் பேசுவார்கள். இரண்டு வருடத்தில் எனக்குத் தெலுங்கு வந்துவிட்டது என்று யாருக்கும் தெரியாது; அதை யாரும் கேட்கவும் இல்லை. வெங்கடபதி சொன்னது இதுதான்: லாகினைக் கொடுத்துவிடலாம், அந்த லாகினிலேயே தப்பு தன்னுடையது என்று அவளை ஒப்புக்கொள்ளச் செய்தால் பதிவேடு சரியாகிவிடும், நமக்குள் மனத்தாங்கல் இருக்காது.

எம்.டி. தமிழுக்குத் திரும்பினார். "அதுக்கென்னங்க கண்ணு, தாராளமா வெச்சுக்க. பேருக்கு ஒரு லெட்டரு மட்டும் ஒத்துக்கிட்டுப் போடு. வேலைக்கு ஒண்ணும் வராது." கண்ணாடியைக் கழற்றினார். "அப்பன் தோட்டத்துல நல்லா இருக்கறாருங்களா?"

"இருக்கறாருங்க."

"நல்லாருக்கட்டும்."

அவ்வளவு மரியாதையாக யாரும் யாரையும் மிரட்ட முடியாது.

இரண்டு வருடமாக நடக்காத காரியம் இரண்டு நிமிடத்தில் நடந்தது. வெங்கடபதியே என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து லாகினை உருவாக்கினார். என் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் சரியாக எட்டெழுத்து. ஒரு எழுத்துகூட வெட்டுப்படவில்லை. பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும் என்று கேட்டார். நானே வைத்துக்கொள்கிறேன் என்று கீபோர்டை வாங்கினேன். அவர் எட்டிப் பார்த்தார். கையால் மறைத்துக்கொண்டு அடித்தேன்.

உள்ளே நுழைந்ததும் ஒரு ஆவணம் காத்திருந்தது. கூடுகள் வார்க்கப்பட்டதற்கு என் கவனக்குறைவான புரோகிராமே காரணம், முழுப் பொறுப்பும் என்னுடையது, நிர்வாகத்திடம் மன்னிப்புக் கோருகிறேன். வெங்கடபதியின் ஆங்கிலம், இரண்டு இடத்தில் பிழை. அடியில் நான் வரைந்த இரண்டு பொத்தான்கள்.

"சும்மா ஃபார்மாலிட்டிதானுங்க அம்மணி. அமுக்குங்க" என்றார் வெங்கடபதி. சாஜிதா டைப் அடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

அப்பாவை நினைத்தேன். இன்று சாயங்காலத்துக்குள் தோட்டத்துக்குப் போன் போய்விடும். அதற்கு முன்னால் நான் போய்ச் சொல்ல வேண்டும். கேட்காதே என்று சொன்ன மனுசன் அவர். ஒத்துக்கொள் என்று சொன்னதில்லை. வாய்க்காலில் தண்ணீரைத் திருப்பிவிட்டவர் ஒருவர், திட்டு வாங்கினவர் அப்பா என்று எத்தனையோ நாள் வீட்டுக்கு வந்து, பேசாமல் சோற்றைப் பிசைந்திருக்கிறார். அவர் பொண்ணும் அதையே செய்ய வேண்டுமென்றால் நான் காலேஜுக்குப் போயிருக்கவே வேண்டாம்.

சம்மதமில்லை.

'நிச்சயமாகவா?' என்று கேட்டது திரை. இத்தனை மாதத்தில் அந்தக் கேள்வி யார் முன்னாலும் வந்ததில்லை. வேலை செய்கிறதா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. நன்றாகத்தான் வேலை செய்தது. ஆம் என்றேன். பதிவேட்டில் பூஜ்யம் ஒன்றானது. பக்கத்தில் தேதி, நேரம், என் முழுப்பெயர்.

வெங்கடபதி குனிந்து திரையைப் படித்தார். அந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். சம்மதமில்லை என்று மட்டும் ஆகும்.

டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் போட்டேன். டிராயரில் ஒரு சீப்பும் என் நோட்டும் இருந்தன. அவையும் உள்ளே போயின. மானிட்டரில் ஒட்டியிருந்த வரலட்சுமி சீட்டை அப்படியே விட்டேன். அது அவர்கள் குடும்பச் சொத்து.

"எங்கடி போறே?" என்று சாஜிதா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஊட்டுக்கு. அப்பன்கிட்ட மொதல்ல நாஞ் சொல்லோணும்."

வெங்கடபதி கதவுவரை வந்தார். "கோவத்துல எதும் பண்ணாதீங்க அம்மணி. நாளைக்கு வந்து பொறுமையாப் பேசிக்கலாங்க."

"வரமாட்டேனுங்க" என்றேன்.

அந்த 'ங்க' பழக்க தோஷத்தில் வந்தது. மற்றது நானாகச் சொன்னது. காந்திபுரத்தில் பன்னிரண்டே காலுக்கு ஒரு அன்னூர் பஸ் உண்டு. படியிறங்கினேன்.