சோற்றில் வைத்த மருந்து

தொண்ணூற்றேழு பங்குனியில் சந்திரம்மாளுக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. படுத்து எழுந்தால் சுற்றும். உட்கார்ந்து எழுந்தாலும் சுவரைப் பிடிக்க வேண்டும். காரணம் என்ன என்று அவள் யாரையும் கேட்கவில்லை. மருமகள் எழிலரசி சோற்றில் மருந்து வைத்துவிட்டாள், அவ்வளவுதான். புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ள மருந்து வைக்கிறவர்கள் திருவண்ணாமலையில் இல்லையா என்ன? மாமியாரைப் படுக்கையில் தள்ள மட்டும் வைக்க மாட்டார்களா?

குழம்பு கொதிக்கும்போதெல்லாம் ஏதாவது சாக்கில் அடுப்படிக்குள் நுழைவாள். எழிலரசி பெருங்காய டப்பாவை மூடினால், ஏன் இத்தனை அவசரம்? சிரித்தால், என்ன சிரிப்பு? சிரிக்காவிட்டால், மனசுக்குள் என்ன திட்டம்? அந்தப் பெண் எப்படித்தான் நிற்பாள், பாவம்.

கடைசியில் அந்தச் சோற்றைத் தொட்டியில் மாட்டுக்குக் கொட்டிவிட்டு, கடை பன்னைத் தின்று நாளை ஓட்டினாள். சுற்றல் இன்னும் கூடியது. முன்பு வைத்தது உள்ளே வேலை செய்கிறது என்று முடிவு கட்டினாள். மாடு நன்றாகத்தான் இருந்தது. அதை யார் கவனித்தார்கள்?

லாட்ஜில் கணக்கெழுதும் மகன் முருகவேலைப் பிடித்துக்கொண்டாள். "அவள அவ அம்மா வீட்ல உட்டுட்டு வாடா."

"மருந்து எடுத்துப் பாக்கலாம்மா. வெளிய வந்துச்சுன்னா உட்டுட்டு வரேன்" என்றான் அவன். கதவுக்குப் பின்னால் நின்ற எழிலரசி அதைக் கேட்டுவிட்டாள்.

மருந்து எடுப்பதில் பேர்போனவன் அடி அண்ணாமலை இருசப்பன். பச்சிலைச் சாறு கொடுத்து வாந்தியெடுக்க வைத்தான். கறுப்பாக ஏதோ விழுந்தது. "பாத்தியாடா!" என்று வெற்றியோடு எழுந்த சந்திரம்மாள் அப்படியே மண்ணில் சாய்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பார்த்தார். என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று கேட்டார். முருகவேல் அவளுடைய சுருக்குப் பையைக் கவிழ்த்தான். இரண்டு அட்டைகள் விழுந்தன. ஒன்று எழிலரசி மாதாமாதம் வாங்கி வருவது. அட்டையில் மூடியிருந்ததால் சந்திரம்மாள் அதை மட்டும் நம்பியிருந்தாள். இன்னொன்று கீழ்பென்னாத்தூரில் மகள் சரோஜா வேறு டாக்டரிடம் காட்டி வாங்கித் தந்தது. மருமகள் தரும் மாத்திரையைப் பற்றி அங்கே அவள் மூச்சு விடவில்லை.

"பேருதாம்மா வேற. ரெண்டும் ஒரே பிரஷர் மாத்திர. ரெண்டையும் போட்டுக்கினு, பட்டினி வேற, வாந்தி வேற. எழுந்தா பிரஷர் எறங்கித் தல சுத்தாம என்ன பண்ணும்?"

"அந்தக் கறுப்பு?" என்றாள் சந்திரம்மாள்.

"மருந்து எடுத்தவர் குடுத்த பச்சிலதான்."

வீடு திரும்பிய அன்று எழிலரசி ரசஞ்சோறு பிசைந்து கொண்டுவந்தாள். மாமியாரிடம் நீட்டுமுன் ஒரு கவளம் எடுத்துத் தன் வாயில் போட்டு, மென்று விழுங்கினாள்.

"எதுக்குடி இது? அதான் டாக்டரே சொல்லிட்டாங்களே."

"இருக்கட்டும் அத்த. நாளைக்கு வேற ஏதாவது வந்தா?"

சந்திரம்மாளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த முருகவேல் தனக்குள் மெல்லச் சிரித்துக்கொண்டான். எழிலரசி அவன் தட்டிலும் கை வைத்து ஒரு கவளம் எடுத்தாள்.

"எனக்கு எதுக்குடி?"

"வெளிய வந்தா உட்டுட்டு வரேன்னு சொன்னீங்களே" என்றாள், மென்றுகொண்டே.

அவன் வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.